நாச்சம்மாள் பார்க்காத பனி

நாச்சம்மாள் என்ற பெயரை நான் முதலில் கேட்டது எங்கள் களத்தில் வைத்து. கடலைக்கொடி காய்ந்துகொண்டிருந்தது. என் மாமனாருடைய தம்பி மனைவி, நான் சின்ன மாமியார் என்று சொல்லுவேன், தன் மகன் ரத்தினசாமிக்குக் கொல்லங்கோட்டில் பெண் பார்த்துவிட்டு அப்போதுதான் பஸ் இறங்கி வந்தார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, அதற்குள் நான் கேட்டுவிட்டேன்.

“பொண்ணு எப்படிங்க அத்தை?”

“பொண்ணுக்கு ஒரு கொறையுமில்ல. பேரு நாச்சம்மா. ஆனா வெயில்ல நிக்க மாட்டேங்குது. ஒரு மாட்டைப் புடிச்சுக் கட்டறதுக்குள்ள மூணு வாட்டி நெழலுக்கு ஓடுது.”

“அப்பறம் எதுக்குங்க அதைப் பெருமாட்டிக்குக் கூட்டியாறீங்க? இங்க ஏது நெழலு?”

“உன்ற கொழுந்தனோட லாரி நெழல்ல நிக்கட்டும், போ” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

சின்ன மாமியார் சொன்னதில் பொய் இல்லை. நாச்சம்மாள் பிறந்து வளர்ந்தது நெல்லியாம்பதி மலைக்கு நேர் கீழே. மேலேயிருந்து இறங்கும் காற்று அவர்கள் வீட்டு முற்றத்தில்தான் வந்து விழும். எங்கள் பெருமாட்டி அப்படி இல்லை. மாசி பிறந்தால் மண் வெடிக்கும். பங்குனியில் கிணற்றடியில் துணி துவைத்துவிட்டு நிமிர்வதற்குள் முதலில் துவைத்தது காய்ந்துவிடும். கல்யாணமாகி வந்த முதல் கோடையில் அந்தப் பிள்ளைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. எனக்கு ஓரகத்தி முறை ஆனாலும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். “அக்கா, இந்த ஊர்ல மனுசங்க எப்படியக்கா உசுரோட இருக்கீங்க?” என்று அழாத குறையாகக் கேட்டாள்.

ரத்தினசாமி தேங்காய் லோடு ஓட்டினான். எங்கள் பக்கத்துத் தேங்காய் டில்லி வரைக்கும் போகும். தேங்காயை இறக்கிவிட்டு, இன்னும் மேலே மலைக்குள் போய் ஆப்பிள் ஏற்றிக்கொண்டு திரும்புவார்கள். போய்வர மூன்று வாரம் ஆகும், சில சமயம் நாலு வாரம். கார்த்திகைக்குப் பிறகு போனால் வழியில் பனி விழும். வந்து உட்கார்ந்து கதை சொல்லுவான். டீசல் கட்டி பிடித்துவிட்டது, டேங்குக்கு அடியில் தீ மூட்டித்தான் வண்டியைக் கிளப்பினோம் என்பான். ஒரு வளைவில் ஒரு சர்தார் கடை இருக்கிறது, அங்கே நின்று பார்த்தால் வானம் எது, மலை எது என்று தெரியாது, எல்லாம் ஒரே வெள்ளை என்பான். நாங்கள் பாதி கேட்போம், பாதி எழுந்து போய்விடுவோம். நாச்சம்மாள் மட்டும் விசிறியை வைத்துக்கொண்டு வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஒரு தடவை அவன் ஒரு காரியம் செய்தான். காப்பி கொண்டுபோகிற பிளாஸ்கில் பனியை அமுக்கி அடைத்து, மூடியைத் துணியால் கட்டி, பெருமாட்டி வரைக்கும் கொண்டுவந்தான். திறந்து பார்த்தால் அரை பிளாஸ்க் தண்ணீர்.

“எங்கீங்க பனி?” என்றாள்.

“நாக்பூர் வரைக்கும் இருந்துச்சு. அப்பறம் பாக்குல.”

“பாக்காம என்ன வண்டி ஓட்டுனீங்க?”

“ரோட்டைப் பாக்கறதா, பிளாஸ்கைப் பாக்கறதா?”

அந்தத் தண்ணீரை அவள் கீழே ஊற்றவில்லை. இரண்டு மடக்கு குடித்துவிட்டு, “டீசல் நாத்தம் அடிக்குது” என்றாள். அப்போதே அவன் சொல்லிவிட்டான், உன்னை நேரில் கூட்டிப்போய்க் காட்டுகிறேன், அந்த வளைவில் நிறுத்திக் காட்டுகிறேன் என்று. அவளும் சரி என்றாள். அவளுக்கு அப்போது இருபத்துநாலு வயசு இருக்கும்.

அதற்குப் பிறகு முப்பத்தைந்து வருஷம் ஓடிப்போனது. சும்மா ஓடவில்லை. மௌனிகா பிறந்தாள். வீடு கட்டினார்கள். என் சின்ன மாமியார் ஆறு வருஷம் படுக்கையில் கிடந்தார், அந்த ஆறு வருஷமும் நாச்சம்மாள் ஒரு ராத்திரிகூட வேறு ஊரில் தங்கவில்லை. அப்புறம் மௌனிகா கல்யாணம். ரத்தினசாமி அறுபத்திரண்டு வயசில் லாரியை விட்டு இறங்கித் தோப்பைப் பார்க்க ஆரம்பித்தான். இனிமேல் போகலாம் என்று நினைத்தபோது அவனுக்கு நெஞ்சில் அடைப்பு வந்தது. பாலக்காட்டில் கொண்டுபோய்க் காட்டி, ரத்தக்குழாயில் வலை வைத்தார்கள்.

எட்டு மாசம் கழித்து மறுபடி காட்டப் போனபோது மருமகன் அருள்குமார்தான் டாக்டரிடம் கேட்டான், குளிர்ந்த ஊருக்கு மாமாவைக் கூட்டிப்போகலாமா என்று. டாக்டர் சொன்னாராம்: ரொம்ப உயரத்துக்குப் போகாதீர்கள், கம்பளி போட்டுக்கொள்ளுங்கள், இப்போது நன்றாக இருக்கிறார், போவதாக இருந்தால் இந்த வருஷமே போய்விட்டு வாருங்கள். இதை நாச்சம்மாள் என் வீட்டுக்கு வந்து, ஒரு வார்த்தை விடாமல் என்னிடம் சொன்னாள். எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது. அதனால்தான் இதை இங்கே எழுதிவைக்கிறேன்.

அருள்குமார் பாலக்காட்டுச் சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஆன்லைன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். ஊரார் கரண்ட் பில் கட்டுவதும் ரேஷன் கார்டுக்கு எழுதுவதும் ரயில் டிக்கெட் போடுவதும் அங்கேதான். மாமனார் மாமியாருக்கு அவனே டிக்கெட் போட்டான். மார்கழி ஒன்பதாம் தேதி பாலக்காட்டில் ஏறினால் இரண்டு ராத்திரி கழித்து டில்லி. அங்கிருந்து பஸ்ஸில் மணாலி, ரத்தினசாமி ஆப்பிள் ஏற்றிய அதே மலை. மௌனிகாவும் அவனும் கூடப் போவதாக ஏற்பாடு.

அந்த ஐப்பசியும் கார்த்திகையும் நாச்சம்மாளைப் பார்த்திருக்க வேண்டும். அவ்வளவு சந்தோஷத்தை நான் அவள் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை. கோயம்புத்தூர் போய் ரோட்டோரத்தில் நேபாளத்துக்காரர்களிடம் ஸ்வெட்டர் வாங்கிவந்தார்கள். அவளுக்குக் கத்தரிப்பூ நிறம், அவனுக்குச் சாம்பல். கொண்டுவந்த அன்றைக்கே மத்தியானம் இரண்டு மணி வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு என் வீட்டுக்கு நடந்து வந்தாள்.

“அக்கா, எப்படியிருக்குது?”

“கழட்டு நாச்சா, செத்துப்போவே.”

“பழகிக்கறனுங்க.”

“குளுருக்குப் போறவ சூட்டுல எதுக்குடி பழகறே?”

பின்னாலேயே ரத்தினசாமி வந்தான். அண்ணியை எங்கள் பக்கம் நங்கை என்று சொல்லுவோம். “நங்கை, நீங்களாச்சும் சொல்லுங்க. காலுக்குச் சாக்ஸ் வாங்கிக் குடுத்தா, மெட்டி இடிக்குது, வெரல்ல ஓட்டை போடுங்கறா” என்றான்.

“மெட்டியைக் கழட்டச் சொல்றாருங்கக்கா! நீங்க இருக்கையில எப்படியுங்க கழட்டுவேன்?” என்று அவனைப் பார்த்தே கேட்டாள்.

“நான் இருக்கறதுக்காகத்தான் சொல்றேன். உன்ற காலு வெறச்சுப்போனா உன்னைத் தூக்கிட்டு எறங்க என்னால ஆவாது.”

இன்னொரு நாள் நான் போனபோது இருவரும் பிரிட்ஜுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மேல் தட்டில் படிந்திருந்ததை அவள் கரண்டியால் சுரண்டி உள்ளங்கையில் வைத்து, “இப்படித்தான் இருக்குமுங்களா?” என்றாள். அவன், “இது ஐஸு. அது மாவு. இடியாப்பத்துக்குச் சலிக்கற மாவு கையில விழுந்தா எப்படி இருக்கும், சத்தமே இருக்காது, அது மாதிரி” என்றான். கையில் இருந்தது கரைந்து முழங்கை வரைக்கும் வழிந்ததுகூடத் தெரியாமல் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

டிக்கெட்டுக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கும்போது கொல்லங்கோட்டில் நல்லதம்பி இறந்துபோனார்.

நல்லதம்பி யார் என்று சொல்லவேண்டும். ரத்தினசாமி அவரை அண்ணா என்று கூப்பிடுவான், என் வீட்டுக்காரர் தம்பி என்பார். அவருடைய அப்பா சின்னச்சாமி எங்கள் வீட்டில்தான் வளர்ந்தார். நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே கொல்லங்கோட்டுக்குப் போய்க் காடு கழனி வாங்கிக் குடியேறிவிட்டார். என் மாமியார் சொல்லுவார், “மூணு பசங்களையும் ஒரே தூளியில போட்டு வளத்துனாங்க” என்று. என் மாமனார், ரத்தினசாமியின் அப்பா, இந்தச் சின்னச்சாமி. மூன்று பேரும் அண்ணன் தம்பி என்று நான் மனசில் எழுதிவைத்துக்கொண்டேன். அப்படியானால் நல்லதம்பி எங்களுக்குப் பங்காளி. பங்காளி வீட்டில் சாவு விழுந்தால், வருஷம் திரும்பும் வரைக்கும் நாங்கள் மலை ஏறமாட்டோம். பழனிக்குப் போகமாட்டோம். கோயில் காரியம் எதுவும் செய்யமாட்டோம். மாமன் மச்சான் முறை என்றால் மூன்று நாளோடு முடிந்துபோகும்.

எங்கள் சொந்தத்தில் இந்த மாதிரிக் கணக்கு வந்தால் என்னிடம்தான் வருவார்கள். நான் இரண்டாம் கிளாஸோடு நின்றவள். ஆனால் யாருக்கு யார் என்ன முறை, எந்தப் பெண்ணை எந்த ஊரில் கொடுத்தார்கள் என்று கேட்டால் நாலு தலைமுறைக்கு நிற்காமல் சொல்லுவேன். பெரியவர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்த பிறகு, கேட்க வேறு ஆளும் இல்லை.

எழவுக்குப் போய் வந்த மூன்றாம் நாள், நாச்சம்மாளும் மௌனிகாவும் அருள்குமாரும் என் வீட்டுக்கு வந்தார்கள். விதைக்கு நான் கடலை உடைத்துக்கொண்டிருந்தேன். நாச்சம்மாள் உட்காரவில்லை.

“அக்கா, கொல்லங்கோட்டுக்காரரு நமக்குப் பங்காளிங்களா?”

“இதென்ன கேள்வி? பங்காளிதான்.”

“அப்ப வருசம் திரும்பற வரைக்கும் மலை ஏறக்கூடாதுங்களே.”

அருள்குமார் சிரித்தான். “அத்தை, அது பழனி மலைக்குங்க. நாம போறது டூருங்க.”

“மலைன்னா மலைதானுங்க மாப்ளே. பழனியில இருக்கறது புள்ளை. அங்க இருக்கறது அவங்கப்பன்.”

“அம்மா, பஸ்லதான் போறோம்” என்றாள் மௌனிகா. “மலை ஏறறது பஸ்ஸு. நாம சீட்டுல சும்மா உக்காந்திருக்கப் போறோம்.”

“பஸ்ஸுக்குத் தீட்டு இல்ல கண்ணு. எனக்கு இருக்குது.”

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் கையிலிருந்த கடலையை உடைத்துப் பருப்பை முறத்தில் போட்டேன். “நாச்சா சொல்றதுதான் சரி. பொறுத்தது பொறுத்தீங்க, இன்னொரு வருசம் பொறுங்க. பனி எங்கீம் போயிராது” என்றேன். இதே வார்த்தைதான். மாற்றிச் சொல்லவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் ரத்தினசாமி தனியாக வந்தான். அவர்கள் வீட்டில் வாக்குவாதம் நடந்திருக்கிறது. முப்பது வருஷம் அந்த மலையில் லோடு ஏற்றியிருக்கிறேன், எங்கள் அப்பன் செத்த வருஷம்கூடப் போனேன், யார் கேட்டார்கள் என்று இவன் சொல்லியிருக்கிறான். “அந்த வருசந்தானுங்க வண்டி கவுந்துச்சு” என்று அவள் சொல்லியிருக்கிறாள். அது உண்மைதான். அந்த வருஷம் வண்டி கவிழ்ந்து, கிளீனருக்குக் கால் போனது. அதற்கு மேல் அவளிடம் வாதாடாமல் என்னிடம் வந்திருக்கிறான்.

“நங்கை, நல்லா யோசிச்சுத்தான் சொன்னீங்களா?” என்றான்.

“ஏன், உனக்குத் தெரியாதா? அண்ணா அண்ணான்னு கூப்புட்டவன் நீதானே?”

“கூப்புட்டேன். எல்லாரும் கூப்புட்டாங்க, நானும் கூப்புட்டேன். இருவது வயசுல லாரி ஏறுனவனுக்கு என்ன தெரியும்? வேல்முருகனுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுப் பாக்கட்டுமா?”

வேல்முருகன் நல்லதம்பியின் மகன். அப்பனை எரித்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது.

“எழவு ஊட்டுக்குப் போன் போட்டு, உங்கப்பன் எனக்குப் பங்காளியா, இல்லியா, நான் டூர் போகோணும்னு கேப்பியா? கேக்கறவங்க காறித் துப்ப மாட்டாங்களா?”

அவன் தலையைச் சொறிந்தான். “அதுஞ் செரிதான்” என்றான். செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

அவன் போன பிறகு எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. எங்கள் குலதெய்வத்துப் பொங்கலுக்குக் கொல்லங்கோட்டு வீட்டார் ஒரு வருஷமும் வந்ததில்லை. தூரமாகக் குடிபோனவர்கள், பக்தி விட்டுப்போயிருக்கும் என்று அதுவரைக்கும் நினைத்திருந்தேன். அன்றைக்கு அது மனசில் ஒரு முள் மாதிரிக் குத்தியது. எழுந்துபோய் அவனைக் கூப்பிட்டிருக்கலாம். நாலு வீடு தள்ளித்தான் அவன் வீடு. கேட்டுப் பார், எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்ன வார்த்தையை மாற்றுவது எனக்கு அப்போது பெரிய கஷ்டமாக இருந்தது. இன்னும் ஒன்று. அந்த ஐப்பசி கார்த்திகை முழுக்க அவர்கள் ஸ்வெட்டரும் சாக்ஸும் பிரிட்ஜுமாகச் சிரித்துக்கொண்டிருந்தபோது, என் வீட்டுக்காரர் போய்ப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. நீங்களும் வாங்கக்கா என்று அவர்கள் கூப்பிடவில்லை. அது என் நாக்கில் இருந்ததா, இல்லையா என்று எனக்கே இன்றுவரை தெரியவில்லை.

டிக்கெட்டை ரத்து செய்தார்கள். நாச்சம்மாள் இரண்டு ஸ்வெட்டரையும் வேப்பிலை போட்டுப் பெட்டியில் மடித்துவைத்தாள். யாரிடமும் முகத்தைத் தூக்கவில்லை. “அடுத்த மார்கழி எங்க ஓடிப்போகுது?” என்று ரத்தினசாமி சொன்னதையே அவளும் எல்லோரிடமும் சொன்னாள். அந்த வருஷம் என் வீட்டிலும் யாரும் பழனிக்குப் போகவில்லை. என் மகன் தைப்பூசத்துக்கு நடந்துபோவதாக நேர்ந்திருந்தான், அதையும் நான்தான் நிறுத்தினேன். மற்றவர்களுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயம் என்று நான் செய்யவில்லை. அது மட்டும்தான் நான் சொல்லிக்கொள்ளக்கூடியது.

அடுத்த ஐப்பசி பிறந்ததும் அருள்குமார் மறுபடியும் டிக்கெட் பார்க்க ஆரம்பித்தான். நல்லதம்பிக்கு வருஷம் திரும்பியதும் பத்து நாளில் கிளம்புவதாகப் பேச்சு. நாச்சம்மாள் பெட்டியைத் திறந்து ஸ்வெட்டர்களை வெயிலில் காயப்போட்டாள். இந்தத் தடவை மெட்டி விஷயத்தில் அவள் இறங்கிவந்து, பனியில் இருக்கும் நாலு நாளைக்கு மட்டும் கழற்றுகிறேன் என்று சம்மதித்ததாக மௌனிகா சொல்லிச் சிரித்தாள்.

ஐப்பசி கடைசியில் இரண்டு நாள் நல்ல மழை. மூன்றாம் நாள் காலை, மோட்டார் அறைக்குள் தண்ணீர் ஏறிவிட்டதா என்று பார்க்க ரத்தினசாமி தோப்புக்குப் போனான். வெகுநேரமாகியும் வரவில்லையே என்று நாச்சம்மாள் தேடிப்போனாள். மோட்டார் அறைக்கு வெளியே, தேங்காய் மட்டைக் குவியல்மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். தூங்குகிறான் என்று நினைத்து, “ஈரத்துல ஏனுங்க உக்காந்திருக்கீங்க?” என்று கேட்டாளாம். இரண்டு தடவை கேட்டாளாம். நல்லதம்பிக்கு வருஷம் திரும்ப இன்னும் இருபது நாள் இருந்தது.

எழவுக்கு வேல்முருகன் வந்தான். எரித்து முடியும் வரைக்கும் இருந்தான், குளித்தான், போய்விட்டான். எங்கள் பங்காளி வீட்டு ஆண்கள் எல்லோரும் மொட்டை போட்டார்கள், அவன் போடவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகள், வேலைக்குப் போகிறவர்கள் என்று நினைத்து நான் ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கு அந்த வீட்டில் கிடந்த கிடப்பில் யார்தான் கேட்பார்கள்.

மாசி மாசம் ஒரு நாள் வேல்முருகன் தாம்பூலத் தட்டோடு என் வீட்டுக்கு வந்தான். பத்திரிகை வைக்க வந்திருந்தான்.

“பெரிம்மா, சின்னப் புள்ளைக்குக் காது குத்தறோமுங்க. எங்க குலதெய்வத்துக் கோயல்ல. உங்களால கோயலுக்கு வரமுடியாதுன்னு தெரியுமுங்க. ஆனா சொல்லாம இருக்கப்படாதுன்னு வந்தேன்.”

எனக்குக் கோபம் வந்தது. “ஏஞ்சாமி, ரத்தினசாமி போயி நாலு மாசம் முடியில. அதுக்குள்ள கோயல்ல காது குத்தறீங்களா? நீயே இப்படிப் பண்ணுனா அப்பறம் முறை என்னத்துக்கு?”

அவன் முழித்தான். “எங்களுக்கு என்னங்க பெரிம்மா? நாங்க மாமன் மச்சான் முறைதானுங்களே. மூணு நாளோட முடிஞ்சுதுங்க.”

“ஆரு மாமன் மச்சான்?”

“எங்கப்பாவைப் பெத்த அப்பாரு சின்னச்சாமி இந்த ஊட்டுப் பொண்ணோட மவனுங்க. அவங்கம்மா பெத்ததும் போயிட்டாங்க. பொறந்த ஊட்டுல கொண்டாந்து வளத்துனாங்க. கூட வளந்த பசங்க அண்ணன் தம்பின்னு கூப்புட்டாங்க, நாங்களும் அப்படியே பெரிம்மா பெரியப்பான்னு கூப்புட்டுப் பழகிட்டோமுங்க. எங்களுக்குக் குலதெய்வம் காங்கயம் பக்கமுங்க. ஏனுங்க, உங்களுக்குத் தெரியாததா?”

ஒரே தூளியில் போட்டு வளர்த்தார்கள் என்றுதான் என் மாமியார் சொன்னார். பெற்றார்கள் என்று சொல்லவில்லை. நாற்பத்தைந்து வருஷமாக நான் அதைப் பெற்றதாகவே வைத்திருந்தேன். நல்லதம்பியின் எழவில் யாரோ வெளியூர் ஆண்கள் நாலைந்து பேர் மொட்டை போட்டு நின்றார்கள். அவர் பெண்சாதி வழி ஆட்களாக இருக்கும் என்று அப்போது நினைத்தேன். அவர்கள்தான் அவருடைய பங்காளிகள். எங்கள் ஆண்களை யாரும் மொட்டைக்குக் கூப்பிடவும் இல்லை, எழவு அவசரத்தில் விட்டுப்போனது என்று நினைத்தேன். எல்லாம் கண்ணுக்கு முன்னால்தான் இருந்திருக்கிறது.

வேல்முருகன் காப்பி குடித்துவிட்டுப் போனான். தட்டிலிருந்த வெற்றிலையை எடுத்து உள்ளே வைக்கக்கூட எனக்குக் கை வரவில்லை. சொல்லாமலே விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். தெரிந்து அவளுக்கு ஆகப்போவது என்ன என்று தோன்றியது. ஆனால் பத்திரிகை அவள் வீட்டுக்கும் போயிருந்தது. அவள் முறை தெரியாதவள் அல்ல, இன்றைக்கோ நாளைக்கோ அவளுக்கே விளங்கிவிடும். நான் சொல்லாமல் அவள் தெரிந்துகொண்டால் அது இன்னொரு பாவம்.

மூன்றாம் நாள் போனேன். பின்கட்டில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். வெறுங்கழுத்து. எனக்கு அதைப் பார்க்க இன்னும் பழகவில்லை. எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சின்னச்சாமி யார் மகன், வேல்முருகன் என்ன சொன்னான், அன்றைக்கு ரத்தினசாமி வந்து கேட்டபோது என் மனசில் குத்திய முள், எதையும் விடவில்லை. அவள் பூண்டு உரிப்பதை நிறுத்தாமலே கேட்டாள்.

“நானும் பத்திரிகையைப் பாத்தேனுங்கக்கா” என்றாள் கடைசியில்.

“தெரிஞ்சு போச்சா?”

“தேதியைப் பாத்தேன். அப்பவே நெனச்சேன்.”

“என்னை நாலு வார்த்தை கேளு நாச்சா. சும்மா இருக்காதே.”

“கேட்டு என்னங்க ஆவப்போவுது?” அவள் இன்னொரு பல் பூண்டை எடுத்து உரித்தாள். “உங்ககிட்ட வந்துட்டுப் போயி, அவரு ராத்திரி மறுபடியும் கேட்டாரு. நங்கைக்குத் தெரியாம வேல்முருகனுக்குப் போன் போடட்டுமான்னு. நான்தான் வேண்டாமுன்னேன். அக்காவுக்குத் தப்பாது, தப்புனா நமக்குத்தான் தப்பும்னு சொன்னேன்.”

நான் அழுதேன். அவள் அழவில்லை. எழுந்துபோய் எனக்குக் காப்பி போட்டுக்கொண்டு வந்து கொடுத்தாள். சர்க்கரை சரியாக இருந்தது. எனக்கு எவ்வளவு சர்க்கரை என்று அவளுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்த முதல் வருஷத்திலிருந்து தெரியும்.

ரத்தினசாமிக்கு வருஷம் திரும்பிய பிறகு மௌனிகா கூப்பிட்டாள். “அம்மா, நீயாச்சும் வா. நாங்க ரெண்டு பேரும் கூட வர்றோம். ஒரு தடவை பாத்துட்டு வந்துரலாம்” என்றாள். நானும் அங்கே இருந்தேன்.

“போலாம் கண்ணு, எனக்கென்ன” என்றாள் நாச்சம்மாள். “ஆனா அந்த வளைவு எந்த வளைவுன்னு உனக்குத் தெரியுமா? மாப்ளைக்குத் தெரியுமா? அவருக்குத்தான் தெரியும். நான் போயி எங்கன்னு நிக்கறது?”

“அதுக்குன்னு போகாமயே இருந்துருவியா?”

“இத்தனை நாளு போகாம இருந்துட்டுத்தானே இருக்கேன்” என்று சொல்லிவிட்டு, மௌனிகாவின் குழந்தைக்குத் தலை சீவ உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் யாரும் கூப்பிடவில்லை.

இப்போதும் சொந்தத்தில் ஏதாவது முறை கேட்டு என்னிடம் வருகிறார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்லுகிறேன். சொல்லிவிட்டு, அந்த வீட்டாரிடமே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், எழவு வீடானாலும் கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம் என்றும் சொல்லுகிறேன். மௌனிகா என்னிடம் பழையபடி பேசுகிறாள். அருள்குமார் பேசுவதில்லை. வழியில் பார்த்தால் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவான். டிக்கெட் போட்டதும் அவன்தான், ரத்து செய்ததும் அவன்தான். அவனை நான் குறை சொல்லமாட்டேன்.

நாச்சம்மாளுக்கு இப்போது அறுபத்துமூன்று வயது. பெருமாட்டித் தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, சித்தூரில் மகள் வீட்டில், வெயில் நேராக இறங்கும் மாடி அறையில் இருக்கிறாள். பனியை இன்னும் பார்க்கவில்லை.